டிரைவ்வே ஸ்னோவும் ஐஸும்: க்ரீக்ல உப்பு கலக்காம வாசலை க்ளியர் பண்ண முழு வழிகாட்டி

நவம்பர் பொறந்தா போதும், கனேடியன் டயர், ஹோம் டிப்போ, காஸ்ட்கோன்னு எந்தக் கடைக்குப் போனாலும் வாசல்லயே 20 கிலோ உப்பு மூட்டையை அடுக்கி வெச்சிருப்பான், வந்தவங்க எல்லாம் ஆளுக்கு ரெண்டு மூட்டை தூக்கி ட்ரங்க்ல போட்டுட்டுப் போவாங்க. கனடாவுல டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன், மிஸ்ஸிசாகான்னு நம்ம ஆளுங்க இருக்கற எந்தத் தெருவுல வேணா ஜனவரில நடந்து பாருங்க, ஸ்னோ போயி நல்லா காஞ்சு கிடக்கற டிரைவ்வேல (வீட்டு முன்னாடி கார் நிக்கற பாதை) கூட உப்பு கல்லு கல்லா கிடக்கும், பூட்ஸுக்கு அடியில நறநறன்னு மிதிபடும். அந்த நறநற சத்தம் வந்தாலே அது வேஸ்டாப் போட்ட உப்புன்னு அர்த்தம், ஏன்னா வேலை செஞ்ச உப்பு கரைஞ்சு போயிருக்கும், காலுக்கு அடியில கல்லா நிக்காது.

உப்பே போடாதீங்கன்னு சொல்ல நான் வரல. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருக்கற வீட்டுல படியில ஐஸ் இருந்தா உப்பு போட்டுத்தான் ஆகணும், இடுப்பு எலும்பு உடைஞ்சதுக்கு அப்புறம் பக்கத்துல ஓடற க்ரீக்கை, அதாவது ஓடையைப் பத்தி யாரும் யோசிக்கப் போறதில்ல. நான் சொல்றது ஒண்ணுதான், உப்பு கடைசி வேலை. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நாலஞ்சு இருக்கு, அதையெல்லாம் ஒழுங்கா செஞ்சா உப்புக்கு வேலையே ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்.

அந்த உப்பு எங்க போகுதுன்னு முதல்ல பார்த்துடுவோம்

ரோட்டோரம் இரும்புக் கம்பி மூடி போட்ட கேட்ச் பேசின் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள போற தண்ணி நம்ம பாத்ரூம் தண்ணி மாதிரி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகுதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. பழைய டொராண்டோ டவுன்டவுன் பக்கம் சில இடத்துல ரெண்டும் ஒரே குழாய்தான், ஆனா ஸ்கார்பரோ மாதிரி அப்புறமா வளர்ந்த ஏரியாவுல மழைத்தண்ணிக் குழாய் தனி, அது நேரா பக்கத்து க்ரீக்ல போய் விழும். ஸ்கார்பரோன்னா பெரும்பாலும் ஹைலண்ட் க்ரீக், கிழக்கால போனா ரூஜ் ஆறு, பிராம்ப்டன் மிஸ்ஸிசாகா பக்கம் எடோபிகோ க்ரீக், கிரெடிட் ஆறு. எல்லாம் கடைசில லேக் ஒன்டாரியோ. சில கேட்ச் பேசின் பக்கத்துல மஞ்சக் கலர்ல மீன் படம் வரைஞ்சிருக்கும், டிரவுட் அன்லிமிடெட் கனடா நடத்தற திட்டத்துல ஸ்கூல் பசங்க வரைஞ்சது, இதுக்குள்ள போறது மீனுக்குப் போகுதுன்னு சொல்றதுக்குத்தான்.

உப்புல பிரச்சனை குளோரைடு. அது மக்காது, ஆவியாகாது, செடி கொடி உறிஞ்சித் தீர்க்காது, வழக்கமான சுத்திகரிப்பு ஆலைல கூட அதைப் பிரிச்செடுக்கறதில்ல. இந்த வருஷம் போட்டது எல்லாம் இந்த வருஷமே ஓடிடறதும் இல்ல, ஒரு பங்கு மண்ணுக்குள்ள இறங்கி நிலத்தடி நீர்ல தங்கி மெதுவா கசியும், அதனாலதான் ஸ்னோவே இல்லாத ஜூலைலயும் நம்ம க்ரீக்ல குளோரைடு ஏறியே நிக்குது. கனடாவுல நீர்வாழ் உயிர்களுக்கான அளவுகோல் 2011ல வந்தது, நீண்ட நாளைக்கு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு, குறுகிய நேரத்துக்கு 640. அதுக்கு முன்னாடி 2001லயே மத்திய அரசு ரோடு உப்பை ஆராய்ச்சி பண்ணி, சுற்றுச்சூழல் சட்டப்படி இது நச்சுத்தன்மை உள்ளதுன்னு முடிவு சொல்லியாச்சு, ஆனா ரோட்டுல போடறதைத் தடை பண்ணல, எப்படிக் குறைச்சுப் போடணும்னு 2004ல வழிமுறை மட்டும் கொண்டு வந்தாங்க.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. உப்புல எடைக்கு 60 சதவீதம் குளோரைடு. ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம், அதுல 3.6 கிராம் குளோரைடு, அந்த 120 அளவுக்கு 30 லிட்டர் நல்ல தண்ணியைக் கொண்டு போக இதுவே போதும். 20 கிலோ மூட்டைன்னா 1 லட்சம் லிட்டர். சென்னையில தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரியை எட்டு தடவை நிரப்பினா எவ்வளவோ அவ்வளவு, ஒரே மூட்டைக்கு.

இது மீனை மட்டும் பாதிக்கறதில்ல. தண்ணில கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பூச்சிங்க (மீன் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு) முதல்ல சாகும், அது செத்தா பாசி கூடும். இன்னொண்ணு, உப்புத்தண்ணி கனம், ஏரிக்கு அடியில போய்த் தங்கிடும், வசந்தத்துல மேல்தண்ணியும் அடித்தண்ணியும் கலக்கறது தடைபடும், அடியில ஆக்ஸிஜன் குறையும். ஹைலண்ட் க்ரீக்ல செப்டம்பர் அக்டோபர்ல சினூக் சால்மன் எதிர்நீச்சல் போட்டு ஏறி வர்றதை மார்னிங்சைட் பார்க்ல நின்னு நிறைய பேர் பார்த்திருப்பீங்க, அது போட்ட முட்டை குளிர்காலம் முழுக்க அந்தக் கூழாங்கல்லுக்கு நடுவுலதான் கிடக்கும். நாம உப்பு வீசற அதே மாசங்கள்.

முதல் படி: ஸ்னோ விழறதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு

இதை யாரும் செய்யறதில்ல, என்னைக் கேட்டா இருக்கறதுலயே முக்கியமான படி இதுதான். உங்க டிரைவ்வேல வழுக்கற ஐஸ்ல நிறைய வானத்துல இருந்து ஐஸா விழுந்தது கிடையாது, பகல்ல உருகின தண்ணி ஓடி வந்து ராத்திரி உறைஞ்சது. அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சது.

கூரைத் தண்ணி இறங்கற டவுன்ஸ்பவுட்டைப் பாருங்க. டொராண்டோவுல டவுன்ஸ்பவுட்டை சாக்கடைக் குழாய்ல நேரா சொருகி வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால எல்லாரும் வெட்டி வெளிய விட்டிருப்பாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பல வீட்டுல அதோட வாய் நேரா டிரைவ்வே பக்கமோ நடைபாதை பக்கமோ பார்த்துட்டு இருக்கும். பிப்ரவரில ஒரு வெயில் நாள்ல கூரை ஸ்னோ உருகிச் சொட்டுச் சொட்டா வந்து, சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல அந்தக் குழாய் வாயில இருந்து விசிறி வடிவத்துல ஒரு ஐஸ் பாளம் விரிஞ்சு கிடக்கும், நடுவுல ரெண்டு இஞ்ச் தடிமன், ஓரத்துல கண்ணாடி மாதிரி மெல்லிசு, அந்த மெல்லிசு ஓரத்துலதான் கால் வழுக்கும். இதுக்கு வாரத்துக்கு எத்தனை கப் உப்பு போட்டாலும் அடுத்த நாள் திரும்ப வரும். பத்து இருபது டாலர்ல ஒரு நீட்டிப்புக் குழாய் வாங்கி வாயைப் புல்வெளி பக்கம் திருப்பி விட்டா அதோட முடிஞ்சது. பக்கத்து வீட்டுக்காரர் நிலத்துக்கோ சைட்வாக்குக்கோ மட்டும் தண்ணி போகாத மாதிரி பார்த்துக்கோங்க.

அப்படியே கூரை ஓரத்துல தண்ணி வாங்கற கட்டரையும் பாருங்க, மேப்பிள் இலை அடைச்சிருந்தா தண்ணி வழிஞ்சு படி மேலயே விழும். டிரைவ்வேல பள்ளமான இடம், குட்டை கட்டற இடம் எல்லாம் ஒரு மழை நாள்ல தெரியும், முடிஞ்சா இலையுதிர் காலத்துலயே பேட்ச் பண்ணிடுங்க. கடைசியா உங்க வீட்டு முன்னாடி கேட்ச் பேசின் எங்க இருக்குன்னு பார்த்து பக்கத்துல புல்வெளி ஓரமா ஒரு குச்சி நட்டு வையுங்க, ஸ்னோ மூடினதுக்கு அப்புறம் தேட முடியாது. இந்தக் குச்சி எதுக்குன்னு கீழ சொல்றேன்.

ரெண்டாவது: சாமான்

ஒரே ஒரு ஷவல் வெச்சு எல்லாத்தையும் செய்யணும்னு நினைக்கறதுதான் உப்பு ஜாஸ்தியாகறதுக்குக் காரணமே. மூணு வேணும். தள்ளறதுக்கு அகலமான புஷர், அள்ளி எறியறதுக்கு சின்ன ஷவல் (வளைஞ்ச கைப்பிடி இருந்தா முதுகுக்கு நல்லது), அப்புறம் நீளக் கம்புல தட்டையா இரும்பு பிளேடு வெச்ச ஐஸ் சாப்பர். இந்த மூணாவது பல வீட்டுல இருக்காது, ஆனா உப்பைப் பாதியாக் குறைக்கறது அதுதான். கூட ஒரு கெட்டியான துடைப்பம், ஒரு பழைய பக்கெட், ஒரு கப். ரெண்டு மூணு சென்டிமீட்டர் பொடி ஸ்னோவுக்கு ஷவலே வேண்டாம், துடைப்பத்தால பெருக்கித் தள்ளிடலாம், தரை வரைக்கும் சுத்தமாப் போயிடும்.

மூணாவது: எப்ப தள்ளணும்

சீக்கிரம். கார் டயர் ஏறி மிதிச்ச ஸ்னோ அமுங்கித் தரையோட ஒட்டிடும், அப்புறம் அது ஸ்னோ இல்ல, ஐஸ். அதனால காரை எடுக்கறதுக்கு முன்னாடி தள்ளுங்க, முழுசா முடியலைன்னா டயர் போற ரெண்டு தடத்தை மட்டுமாவது தள்ளிட்டுக் காரை எடுங்க. வேலைக்குப் போற அவசரத்துல அப்படியே ஏத்தி இறக்கிட்டுப் போனா சாயந்திரம் வந்து பார்க்கும்போது ரெண்டு பட்டையா இறுகிப் போயிருக்கும்.

20 சென்டிமீட்டர் வரும்னு சொல்லியிருந்தா முழுசா நிக்கட்டும்னு காத்திருக்காதீங்க, நடுவுலயே ஒரு தடவை தள்ளிடுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 5 மீட்டர் அகலம் 10 மீட்டர் நீளம் டிரைவ்வேல 10 சென்டிமீட்டர் பொடி ஸ்னோன்னா 5 கன மீட்டர், கன மீட்டருக்கு 100 கிலோன்னு வெச்சாலும் அரை டன். ஈர ஸ்னோன்னா அது போல மூணு மடங்கு. கியூபெக்ல பல வருஷ ஆஸ்பத்திரி ரெக்கார்டை வெச்சுப் பண்ணின ஆய்வு 2017ல வந்தது, நல்லா ஸ்னோ கொட்டினதுக்கு அடுத்த நாள் ஆம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் கூடுதுன்னு அதுல இருந்தது. நம்ம ஆளுங்களுக்கு சுகர், பிரஷர், ஹார்ட் எல்லாம் ஏற்கனவே கூடுதல், அதனால அம்பது தாண்டின அண்ணன்மார், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் தயவுசெஞ்சு தூக்கி எறியாம தள்ளுங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நில்லுங்க, காலேஜ் போற பையன் வீட்டுல தூங்கிட்டு இருந்தா எழுப்புங்க.

நாலாவது: குவிக்கற இடம்

தள்ளின ஸ்னோவை எங்க குவிக்கறோம்ங்கறதுலதான் க்ரீக் சமாசாரம் ஆரம்பிக்குது. ரோட்டுக்குத் தள்ளவே கூடாது, ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அனுமதி இல்லாம ரோட்டுல ஸ்னோ கொட்டறது குத்தம், சிட்டி பைலாவும் தனியா இருக்கு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரோட்டுல தள்ளின ஸ்னோ ரோட்டு உப்போட, எண்ணெயோட கலந்து நேரா கேட்ச் பேசின்லதான் போய் இறங்கும். அந்தக் குச்சி நட்டு வெச்ச இடம் ஞாபகம் இருக்கா, அது மேலயும் குவிக்காதீங்க, மூடிட்டா மார்ச்ல தண்ணி போக வழியில்லாம தெருவே குளமாகும், அது உறைஞ்சா எல்லாரும் திரும்ப உப்பு மூட்டையைத் தூக்குவாங்க.

புல்வெளில குவிங்க, அதுவும் டிரைவ்வேயை விடத் தாழ்வா இருக்கற பக்கம். மேட்டுப் பக்கம் குவிச்சா பகல்ல உருகற தண்ணி உங்க டிரைவ்வே மேலயே குறுக்கால ஓடி ராத்திரி உறையும். ரெண்டு பக்கமும் இடம் இல்லாத டவுன்ஹவுஸ்காரங்க வெயில் படற மூலையாப் பார்த்து உயரமாக் குவிக்கறதைத் தவிர வேற வழியில்ல, அங்க இருந்து வர்ற தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் பார்த்து வெச்சுக்கோங்க, உப்பு வேணும்னா அந்தத் தடத்துக்கு மட்டும்தான்.

ஹெட்ஜ் (வேலிச்செடி), சின்ன மரம் மேல உப்பு கலந்த ஸ்னோவைக் கொட்டாதீங்க. ஏப்ரல்ல சீடார் ஹெட்ஜ் ஒரு பக்கம் மட்டும் பழுப்பா கருகி நிக்கறது பெரும்பாலும் இதனாலதான், டிரைவ்வே ஓரம் ஒரு அடிக்குப் புல் செத்துக் கிடக்கறதும் அதேதான்.

விண்ட்ரோ

ரோட்டு ஸ்னோவைத் தள்ளற ப்ளவ் வண்டி போகும்போது டிரைவ்வே வாயில அடைச்சுட்டுப் போற அந்த வரப்பு இருக்கே, அதை நினைச்சாலே எல்லாருக்கும் கோவம் வரும். அது சாதா ஸ்னோ கிடையாது, ரோட்டுல இருந்து உருண்டு வந்த கட்டியும் உப்புத் தண்ணியும் கலந்தது, விழுந்த அரை மணில கையால உடைக்கலாம், ராத்திரி விட்டுட்டா கல்லாயிடும். ஸ்கார்பரோ, நார்த் யார்க், எடோபிகோவுல பல தெருவுக்கு சிட்டியே பின்னாடி இன்னொரு வண்டி அனுப்பி நடுவுல கார் போற அளவுக்கு வழி விடும், ஆனா அது வர நேரமாகும். ஸ்கார்பரோவை விட்டு மார்க்கம் பிராம்ப்டன்னா உங்க சிட்டி விதி என்னன்னு பார்த்துக்கோங்க, ஊருக்கு ஊர் மாறும். இதுல ஏற்கனவே உப்பு இருக்கு, நீங்க ஒரு கல்லு கூடப் போட வேண்டியதில்ல, சாப்பரால வெட்டி சின்ன ஷவல்ல எடுத்து முடிஞ்ச வரைக்கும் ரோட்டோரப் புல்பட்டைல போடுங்க, வீட்டுப் பக்கம் செடி இருக்கற பாத்தில வேண்டாம்.

அஞ்சாவது: ஐஸ்

சரி, எல்லாம் பண்ணியும் அடியில ஒரு ஐஸ் பட்டை ஒட்டிக்கிச்சு. உடனே உப்பு எடுக்காதீங்க. வெதர் பாருங்க. இன்னைக்கு மதியம் பிளஸ் ரெண்டு மூணு டிகிரின்னு போட்டிருந்தா, தெற்கு மேற்கு பார்த்த டிரைவ்வேன்னா, கருப்பு தார் தரை கொஞ்சம் தெரியற மாதிரி அங்கங்க சுரண்டி விட்டுட்டு விட்டுடுங்க. வெயில் பட்ட தார் சூடேறி ஓரத்துல இருந்து ஐஸைக் கழட்டி விட்டுடும், ஒரு மணி போல சாப்பரை ஓரத்துல கொடுத்து நெம்பினா தட்டு தட்டா வரும். வடக்கு பார்த்த வீட்டுக்காரங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது, அவங்களுக்கு அடுத்த படி.

நடமாட்டம் கம்மியான இடத்துக்கு, ரொம்பக் குளிரான நாளுக்கு, மணலோ குறுணிக் கல்லோ போதும். அது எதையும் உருக்காது, காலுக்குப் பிடிமானம் தரும், அவ்வளவுதான். ஆனா மணலும் க்ரீக்குக்கு நல்லதில்ல, ஓடிப் போய்க் கூழாங்கல் இடுக்கை அடைச்சு மீன் முட்டைக்குக் காத்து போகாம பண்ணும், அதனால கொஞ்சமாப் போட்டு, காஞ்சதும் பெருக்கி எடுத்துத் திரும்ப பக்கெட்ல போட்டு வைக்கணும். மணலையும் உப்பையும் ஒண்ணாக் கலந்து போடறது வீட்டுக்குத் தேவையில்லாத வேலை, உப்பு உருக்கினா மணல் தண்ணில மூழ்கிடும், ரெண்டுமே பாதி வேஸ்ட்.

ஆறாவது: உப்பு போட்டே ஆகணும்னா

முதல்ல டெம்பரேச்சர். சாதா ராக் சால்ட் சோடியம் குளோரைடு, மைனஸ் 9 மைனஸ் 10 வரைக்கும்தான் உருப்படியா வேலை செய்யும். மைனஸ் 1ல ஒரு கிலோ உப்பு 46 கிலோ ஐஸை உருக்கும், மைனஸ் 4ல 14 கிலோ, மைனஸ் 7ல எட்டரை கிலோதான், மைனஸ் 12ல 5 கிலோ, அதுவும் மணிக்கணக்கா எடுத்துக்கும். மைனஸ் 15ல வெள்ளை உப்பை வீசறது சும்மா கல்லை வீசற மாதிரிதான், மறுநாள் சூடேறும்போது உங்களுக்கு உபயோகம் இல்லாம அப்படியே கரைஞ்சு ஓடும்.

அதுக்குக் கீழ குளிர்னா மெக்னீசியம் குளோரைடு, இன்னும் குளிர்ந்து மைனஸ் 25க்குக் கீழ போனாலும் கால்சியம் குளோரைடு வேலை செய்யும், கால்சியம் கரையும்போது சூடு கிளப்பும், அதனால வேகம். விலை பல மடங்கு, தரையை வழவழன்னு ஈரமாவே வெச்சிருக்கும், நாய் பாதத்தைப் புண்ணாக்கும், அப்புறம் முக்கியமா அதுவும் குளோரைடுதான். குளிர் நாளுக்குக் கைப்பிடி அளவு போதும், அதை நல்ல உப்புன்னு நினைச்சுத் தாராளமா அள்ளிப் போடக் கூடாது.

மூட்டை மேல பச்சை இலை படம், நாய்க்குட்டி படம், இயற்கைக்கு உகந்ததுன்னு எழுத்து எல்லாம் இருக்கும், அதை வெச்சு வாங்காதீங்க, பின்னாடி திருப்பி என்ன சேர்ந்திருக்குன்னு படிங்க. நிறைய மூட்டைல சாதா உப்பு மேல கொஞ்சம் வேற ஏதோ பூசிக் கலர் போட்டு ரெண்டு மடங்கு விலைக்கு விக்கறான். கலர்ல ஒரே ஒரு நன்மை, எவ்வளவு விழுந்துச்சுன்னு வெள்ளை ஸ்னோ மேல கண்ணுக்குத் தெரியும். நாய்க்கு ஆபத்தில்லைன்னு விக்கற சிலது யூரியா, உரம்தான் அது, க்ரீக்ல போனா பாசிக்கு விருந்து, மைனஸ் 4க்குக் கீழ வேலையும் செய்யாது. குளோரைடே இல்லாதது வேணும்னா கால்சியம் மெக்னீசியம் அசிடேட்னு ஒண்ணு இருக்கு, மைனஸ் 7 போல வரைக்கும் வரும், தண்ணில மக்கும்போது ஆக்ஸிஜனை இழுக்கும், விலையும் யானை விலை, புதுசா போட்ட கான்கிரீட் படிக்குக் கொஞ்சமா வாங்கி வெச்சுக்கலாம். புது கான்கிரீட்ல முதல் குளிர்காலத்துக்கு உப்பு படவே கூடாது, மேல்தோல் செதில் செதிலாப் பேந்துடும்.

அளவுக்கு வருவோம். ஒரு 12 அவுன்ஸ் காபி கப் அளவு, இவ்வளவுதான் ரெண்டு கார் நிக்கற இடத்துக்கு, இல்ல சைட்வாக் சதுரம் பத்துக்கு. மினசோட்டா மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு பல வருஷமா ஜனங்களுக்குச் சொல்லிட்டு இருக்கற கணக்கு இது. எடைக்கு 450 கிராம் போல வரும். அப்படிப் பார்த்தா 20 கிலோ மூட்டைல நாப்பத்து நாலு தடவை போடலாம், ரெண்டு மூட்டை தூக்கிட்டு வர்றது எதுக்குன்னு யோசிச்சுக்கோங்க.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல மூணு இஞ்ச் இடைவெளி இருக்கணும், நாலு விரலைச் சேர்த்து வெச்சா எவ்வளவோ அவ்வளவு. முதல் தடவை பார்க்கும்போது இதென்ன போட்ட மாதிரியே இல்லையேன்னு தோணும். கையை முழங்கால் உயரத்துல வெச்சு விதை தூவற மாதிரி வீசினா சரியா விழும், அப்பவும் குவியலா விழுந்தா துடைப்பத்தால பரத்தி விடுங்க.

அடுத்தது எல்லாரும் விடற இடம். உப்பு மொத்த ஐஸையும் உருக்கணும்னு காத்திருக்கக் கூடாது. ஒரு கல்லு விழுந்த இடத்துல குத்துக்காலா உட்கார்ந்து பாருங்க, முதல்ல அது தன்னைச் சுத்தி ஒரு சின்னக் குழி பறிக்கும், குழி ஆழமாகிக்கிட்டே போய்த் தார் வரைக்கும் இறங்கும், தரையைத் தொட்டதும் அந்த உப்புத்தண்ணி பக்கவாட்டுல ஐஸுக்கு அடியில பரவ ஆரம்பிக்கும், மேல இருந்து பார்த்தா ஐஸுக்குள்ள கருப்பு வட்டம் விரியற மாதிரி தெரியும். பக்கத்து வட்டமும் இதுவும் தொட்டுச்சுன்னா ஐஸ் தரையை விட்டுடுச்சுன்னு அர்த்தம், மைனஸ் 3 மைனஸ் 4ன்னா பதினஞ்சு இருபது நிமிஷத்துல நடக்கும். இப்ப சாப்பரை ஓரத்துல கொடுங்க, தட்டைத் தட்டையா கழண்டு வரும், அள்ளிப் புல்வெளில போட்டுடுங்க. உப்போட வேலை ஒட்டினதைப் பிரிக்கறது, மிச்சத்தை இரும்பு பார்த்துக்கும். இப்படிப் பண்ணினா உருக்கறதுக்கு ஆகற உப்புல கொஞ்சம்தான் ஆகும்.

எல்லா இடத்துக்கும் போடணும்னும் இல்ல. படி, கைப்பிடிப் பக்கம், கார்ல இருந்து கதவு வரைக்கும் ஒரு ஆள் நடக்கற பட்டை, சைட்வாக். கார் நிக்கற இடத்துக்கு உப்பு எதுக்கு, கார் வழுக்கி விழப் போறதில்ல.

முன்கூட்டியே தெளிக்கற உப்புத்தண்ணி

கொஞ்சம் மெனக்கெடறவங்களுக்கு இது. ஸ்னோ வர்றதுக்கு முன்னாடி லாரிக்காரங்க ரோட்டுல கோடு கோடா ஈரமா தெளிச்சுட்டுப் போறதைப் பார்த்திருப்பீங்க, அது 23 சதவீத உப்புக் கரைசல். வீட்டுலயும் பண்ணலாம், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில 300 கிராம் உப்பு, கரைஞ்சதும் பழைய துணில வடிகட்டணும், ராக் சால்ட்ல மண்ணு இருக்கும், ஸ்ப்ரேயர் மூக்கு அடைச்சுக்கும். பிளாஸ்டிக் மூக்கு வெச்ச தோட்ட ஸ்ப்ரேயர்ல ஊத்தி, ஸ்னோ ஆரம்பிக்கறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி காஞ்ச தரைல கோடு கோடா தெளிங்க, 50 சதுர மீட்டர் டிரைவ்வேக்கு ஒன்னே கால் லிட்டர் போதும், அதுல உப்பு 350 கிராம் கூட வராது. விழற ஸ்னோ தரையோட ஒட்டாது, ஷவல் ஒரே இழுப்புல தரை வரைக்கும் போகும்.

மழையா ஆரம்பிச்சு அப்புறம் உறையற நாள்ல இதைப் பண்ணாதீங்க, மழை கழுவி நேரா க்ரீக்குக்கு அனுப்பிடும். மைனஸ் 10க்குக் கீழயும் வேண்டாம். ஃப்ரீசிங் ரெயின் நாளுக்கு என் அபிப்பிராயம், முடிஞ்ச வரைக்கும் வெளிய போகாதீங்க, போயே ஆகணும்னா மழை நின்னதுக்கு அப்புறம் நடக்கற பட்டைக்கு மட்டும் உப்பு, மிச்சத்துக்கு மணல், பூட்ஸுக்கு மேல ரப்பர்ல மாட்டற கம்பி கிளீட். பூட்ஸ் வாங்கும்போது டொராண்டோ ரீஹாப் ஆராய்ச்சிக்காரங்க ஐஸ் மேல ஆளை நடக்க விட்டு டெஸ்ட் பண்ணி ரேட் மை ட்ரெட்ஸ்னு மார்க் போட்டு வெச்சிருக்காங்க, அதைப் பார்த்து வாங்குங்க, விலை ஜாஸ்தியானது எல்லாம் நல்லா பிடிக்கறது இல்ல.

வாட்ஸப் வைத்தியம்

வெந்நீர் ஊத்தறது: அஞ்சு நிமிஷம் கழிச்சு முன்ன விட வழவழப்பான ஐஸ். பாத்திரம் கழுவற சோப்பும் ஆல்கஹாலும் கலந்து தெளிக்கறது: சோப்பு மீன் செவுளுக்கு ஆகாது, நேரா அங்கதான் போகும். ஊறுகாய்த் தண்ணி, பீட்ரூட் ஜூஸ்: சில நகராட்சி பீட் சாறை உப்புத்தண்ணில கலந்து ரொம்பக் குளிர் நாள்ல போடறது உண்மை, ஆனா அதுல உப்பும் இருக்கு, சர்க்கரையும் இருக்கு, சர்க்கரை தண்ணில மக்கி ஆக்ஸிஜனைத் தின்னும், வீட்டுல செய்யற வேலை இல்ல. பூனை மண்: ஈரம் பட்டா களியாகி இன்னும் வழுக்கும்.

ஆளை வெச்சு க்ளியர் பண்றவங்களுக்கு

டவுன்ஹவுஸ் காம்ப்ளெக்ஸ், பிளாசா, கோயில் பார்க்கிங், ஹால் இதெல்லாம் கான்ட்ராக்டர் கைல இருக்கும், வீட்டு டிரைவ்வேயை விட இங்கதான் உப்பு டன் கணக்குல கொட்டுது. காரணம் பயம், யாராவது விழுந்து கேஸ் போட்டுட்டா என்ன பண்றதுன்னு. ஒன்டாரியோவுல தனியார் இடத்துல ஸ்னோ ஐஸ்ல வழுக்கி விழுந்தா 60 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும்னு 2021 ஜனவரில சட்டம் மாறிச்சு, அதனால அப்பப்ப என்ன செஞ்சோம்னு தேதி, நேரம், டெம்பரேச்சர், எவ்வளவு உப்புன்னு ஒரு நோட்டுல எழுதி, ஒரு போட்டோ எடுத்து வெச்சா மலை மாதிரி உப்பு கொட்டறதை விட அது உங்களைக் காப்பாத்தும். அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் ஸ்டேட்ல பயிற்சி எடுத்துக் குறைச்சுப் போடற கான்ட்ராக்டருக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுக்கறாங்க, இங்க இன்னும் வரல. இங்க ஸ்மார்ட் அபவுட் சால்ட்னு ஒரு அமைப்பு பயிற்சி கொடுத்து சர்டிஃபிகேட் தருது, கான்ட்ராக்ட் போடும்போது அது இருக்கான்னு கேளுங்க.

அதை விட முக்கியம் காசு எப்படிக் கட்டறோம்ங்கறது. ஒவ்வொரு தடவை உப்பு போடறதுக்கும் தனி பில்னு எழுதினா காஞ்ச தரைல கூட வந்து போட்டுட்டுத்தான் போவாங்க, அவங்களைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. சீசனுக்கு இவ்வளவுன்னு மொத்தமாப் பேசி உப்பும் அதுக்குள்ளேயேன்னு எழுதினா அவங்க காசு அவங்களே மிச்சம் பிடிப்பாங்க. காம்ப்ளெக்ஸை நடத்தற போர்டு மீட்டிங்ல யாரும் வாயைத் திறக்காத விஷயம் இது, செப்டம்பர்லயே கேளுங்க, நவம்பர்ல கையெழுத்து ஆகியிருக்கும்.

காஞ்சதுக்கு அப்புறமும், மார்ச்லயும்

ஐஸ் போயி தரை காஞ்சதும் மிச்சம் கிடக்கற உப்பைப் பெருக்கி அள்ளிப் பக்கெட்ல போடுங்க, மண்ணு கலந்திருந்தாலும் பரவாயில்ல, அடுத்த தடவைக்கு ஆகும். தண்ணி பீச்சிக் கழுவாதீங்க. மணலும் அதே மாதிரி, முதல் பெரிய மழைக்கு முன்னாடி. புல் கருகின ஓரத்துக்கு மே மாசம் நல்லா தண்ணி விட்டு, கொஞ்சம் கம்போஸ்ட் போட்டுப் புது விதை தூவினா வந்துடும்.

மிச்ச மூட்டையைக் கராஜ்ல ஒரு பலகை மேல வெச்சு வாயை இறுக்கிக் கட்டுங்க, வெளிய ஓட்டை மூட்டையை மழைல விட்டா மொத்தமும் ஒரே ராத்திரில கரைஞ்சு போயிடும். ஈரம் பட்டுக் கட்டியானாலும் தூக்கிப் போட வேண்டாம், சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா போதும், உப்பு கெட்டுப் போகாது. ஏப்ரல்ல கடைக்காரன் பாதி விலைக்குப் போடுவான், அதைப் பார்த்து இன்னும் ரெண்டு மூட்டை தூக்கிட்டு வராதீங்க.